உஷார்! முதலில் தட்டும் கதவிலேயே பில் முடிவாகிவிடுகிறது

குடிப்பவருக்கே தெரியாமல் குழம்பில் கலந்து கொடுத்தால் போதும், பாட்டிலைக் கண்டாலே ஓடிப்போவார் என்று ஒரு பொடி விளம்பரம் வாட்ஸ்அப் குழுக்களில் ஓயாமல் சுற்றுகிறது. ஊரிலிருந்து வருகிறவரிடம் சொல்லி அதை வாங்கிவரச் சொல்லலாமா என்று யோசிக்கும் மனைவிமாரும் அம்மாக்களும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். வேண்டாம். பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாமல் இருக்கலாம். குடியை நிறுத்த மருத்துவர்கள் தரும் டைசல்ஃபிரம் என்றொரு மாத்திரை உண்டு. அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், குடம் குடமாக வாந்தி வரும், ரத்த அழுத்தம் இறங்கி ஆளே போய்விடவும் கூடும். அதனால்தான் நோயாளிக்கு எல்லாவற்றையும் விளக்கி, அவர் சம்மதம் வாங்கி, ஈரலும் இதயமும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே அதை எழுதிக் கொடுப்பார்கள். அதே மருந்தை யாராவது பொடியில் சேர்த்திருந்து, மத்தியானம் மீன்குழம்போடு உள்ளே போய், சாயங்காலம் அவர் இரண்டு பீர் குடித்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இன்னொரு ஆபத்தை நம் ஆட்கள் பக்தியின் பேரால் வரவழைத்துக்கொள்கிறார்கள். கார்த்திகை பிறந்ததும் ஐயப்பனுக்கு மாலை போட்டால் குடி தானாக நின்றுவிடும் என்பது வீட்டுக்கு வீடு உள்ள நம்பிக்கை. அளவாகக் குடிப்பவருக்கு நிற்கும், நல்லதுதான். பல வருடமாகத் தினமும் காலையிலேயே ஊற்றிக்கொள்கிறவர் ஒரே நாளில் நிறுத்துவது வேறு கதை. முதல் நாளே கை நடுங்கும். டீ கிளாஸை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி சட்டையில் கொட்டும். வியர்த்துக் கொட்டும், தூக்கம் வராது. கடைசியாகக் குடித்து 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது, மூன்றாவது நாளில் சுவரில் பூச்சி ஊர்கிறது, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று பிதற்ற ஆரம்பித்தால் வீட்டில் சாமி வந்துவிட்டது என்பார்கள், இல்லையென்றால் பேய் பிடித்துவிட்டது என்பார்கள். அது சாமியும் இல்லை, பேயும் இல்லை. உயிரைக் குடிக்கும் மருத்துவ அவசரம் அது. அறையில் பூட்டி வைக்காமல் 995-ஐக் கூப்பிடுங்கள். மாலை போடுவதற்கு முன் ஒரு தடவை டாக்டரைப் பார்த்தால் ஐயப்பன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஏன் இந்தப் பொடிக்கும் பூட்டுக்கும் போகிறார்கள்? ஆஸ்பத்திரிக்குப் போனால் காசும் போகும், பேரும் போகும் என்ற பயம்தான். 2016-ல் நடந்த சிங்கப்பூர் மனநல ஆய்வில், வாழ்நாளில் ஒரு முறையாவது மனநலக் கோளாறோ மதுப் பிரச்சினையோ இருந்தவர்கள் 7 பேருக்கு ஒருவர் என்று தெரிந்தது. அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கும் மேல் உதவி தேடியதே இல்லை. தேடியவர்களும் உடனே தேடவில்லை. மதுப் பிரச்சினை உள்ளவர்கள் 4 வருடம் போல, மனச்சுழல் நோய் எனப்படும் ஓசிடி உள்ளவர்கள் 11 வருடம் போலத் தள்ளிப்போட்டிருந்தார்கள். 11 வருடம் என்றால் ஒரு பிள்ளை பிஎஸ்எல்இ எழுதும் வயதை நெருங்கிவிடும்.

காசு விஷயத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் பலதுறை மருந்தகத்துக்குப் போய், அங்கே டாக்டரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு மனநலக் கழகத்துக்கோ பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ போனால் மானியக் கட்டணம். சாஸ் அட்டை உள்ளவர்கள் அந்தத் திட்டத்தில் சேர்ந்த கிளினிக் டாக்டரிடமும் கடிதம் வாங்கலாம். கடிதம் இல்லாமல் நேராகப் போய் பெயர் பதிந்தாலோ, தனியார் நிபுணரிடம் ஆரம்பித்து அவர் கடிதத்தோடு போனாலோ, அதே டாக்டர், அதே நாற்காலி, ஆனால் மானியம் கிடையாது. பின்னால் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் மருத்துவ சமூக ஊழியரிடம் வருமானக் கணக்கை வைத்துக் கெஞ்சும் நிலைக்கு வருகிறார்கள். அவசரம் என்றால் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். புவாங்கோக்கில் உள்ள மனநலக் கழகத்தின் அவசர சிகிச்சைப் பிரிவு 24 மணி நேரமும் திறந்திருக்கிறது, உதவித் தொலைபேசி 6389 2222.

பலதுறை மருந்தகத்தில் நம்மவர்கள் செய்யும் கூத்து ஒன்று உண்டு. ஒரு மணி நேரம் காத்திருந்து, எண் வந்ததும் உள்ளே போய், தலைவலி டாக்டர், தூக்கம் வரல டாக்டர் என்று சொல்லிவிட்டு வெளியே வருவார்கள். சில நிமிடத்தில் அந்த டாக்டர் உங்கள் மனதைத் தோண்டிப் பார்க்க முடியாது. கையில் நாலு தூக்க மாத்திரை கிடைக்கும், பரிந்துரைக் கடிதம் கிடைக்காது. அந்த மாத்திரையே பிறகு தனிப் பழக்கமாகிவிடும் ஆபத்தும் உண்டு. வாயைத் திறந்து, தினமும் இவ்வளவு குடிக்கிறேன், மூன்று மாதமாக எதிலும் பிடிப்பில்லை, சாகலாமா என்று தோன்றுகிறது என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். தமிழில்தான் சொல்ல வரும் என்றால் தமிழ் பேசுகிறவர் வேண்டும் என்று கேளுங்கள். அதில் வெட்கம் எதற்கு?

மெடிசேவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மனச்சோர்வு, பதற்றநோய், மனச்சிதைவு, இருதுருவ மனநோய் ஆகியவை நாட்பட்ட நோய்த் திட்டத்தில் உள்ளன. வெளிநோயாளி பில்லுக்கு ஆண்டு வரம்புக்குள் மெடிசேவ் எடுக்கலாம், பொதுவாக 15 விழுக்காட்டை ரொக்கமாகக் கட்ட வேண்டும். குடிப்பழக்கமும் சூதாட்டமும் அந்தப் பட்டியலில் இல்லை. கவுன்ட்டரில் போய் நின்ற பிறகு இதைத் தெரிந்துகொண்டு முகம் வெளிறியவர்கள் உண்டு. நல்ல செய்தியும் இருக்கிறது: மது, போதைப்பொருள், தற்கொலை முயற்சி என்றாலே மெடிஷீல்டு லைஃப் கையை விரிக்கும் என்ற பழைய நிலை 2021-ல் மாறிவிட்டது. ஆனால் தனியார் காப்புறுதியின் சின்ன எழுத்து விதிகள் வேறு; படிக்காமல் தனியார் மையத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

பேர் கெட்டுவிடும் என்ற பயத்துக்கு வருவோம். உட்பிரிட்ஜ் என்று சொன்னாலே பெரியவர்கள் குரலைத் தாழ்த்துவார்கள். 1928-ல் இயோ சூ காங் ரோட்டில் தொடங்கிய மனநோய் மருத்துவமனைக்கு 1951-ல் வந்த பெயர் அது. 1993-ல் புவாங்கோக்குக்குப் போய்ப் பல காலம் ஆகியும் அந்தப் பெயர் மட்டும் நம் வீடுகளை விட்டுப் போகவில்லை. தற்கொலைக்கு முயன்றால் போலீஸ் கேஸ் என்பதும் பழங்கதை. 2020 ஜனவரி 1 முதல் அது இங்கே குற்றமில்லை. மனநலத்தைக் காரணம் காட்டி வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிற சட்டமும் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிவிட்டது.

ஒரே ஒரு இடத்தில் பயத்துக்கு நிஜமான காரணம் இருக்கிறது. அதை மறைத்துப் பேசுவது உங்களை ஏமாற்றுவதாகும். ஒருவர் போதைப்பொருளுக்கு அடிமை என்று சந்தேகம் வந்தால், பார்த்த டாக்டர் 7 நாளுக்குள் சுகாதார அமைச்சுக்கும் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவுக்கும் தெரிவித்தாக வேண்டும் என்பது விதி. கஞ்சா, ஐஸ், ஹெராயின் எல்லாம் இதில் வரும். மதுவும் சூதாட்டமும் வராது. இந்த வித்தியாசம் தெரியாமல், குடிக்குச் சிகிச்சைக்குப் போனால் போலீஸ் வரும் என்று ஒதுங்கி நிற்பவர்கள்தான் பரிதாபம். இளைஞர்களிடம் பரவிய கேபாட் மின்சிகரெட்டில் இருக்கும் எட்டோமிடேட், 2025 செப்டம்பர் 1 அன்று சி பிரிவு போதைப்பொருளாக அறிவிக்கப்பட்டது. பிடிபட்டால் அபராதம், கட்டாய மறுவாழ்வு. வெளிநாட்டவர் என்றால் அனுமதிச் சீட்டே போய்விடலாம். தானாக முன்வந்து விட உதவி கேட்பவருக்குத் தண்டனை இல்லை என்று அரசு சொல்லியிருக்கிறது. பிள்ளையின் பையில் அதைக் கண்டால் அறைந்துவிட்டு மறைத்து வைப்பதை விட, பிடிபடும் முன் கூட்டிப்போவதுதான் புத்தி.

இப்போது ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் நிற்கும் தம்பிகளுக்கு. 2013 டிசம்பர் 8 அன்று அங்கே நடந்த கலவரத்துக்குப் பிறகு வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் லிட்டில் இந்தியா தனிக் கட்டுப்பாட்டு வட்டாரம். வார இறுதியில் வெளியிடத்தில் குடித்தால் மாட்டிக்கொள்வீர்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். குடியை விட முடியாதவன் எங்கே போவான் என்பதுதான் தெரியாது. வொர்க் பர்மிட்காரருக்கு அரசு மருத்துவமனையில் மானியம் கிடையாது, முழுக் கட்டணம். ஆனால் அந்தக் கட்டணம் உங்கள் சம்பளத்திலிருந்து போக வேண்டியதில்லை. ஊழியரின் மருத்துவச் செலவு முதலாளியின் பொறுப்பு. 2023 ஜூலை முதல் முதலாளி எடுக்கும் காப்புறுதி ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி இருக்க வேண்டும். அது பெரும்பாலும் வார்டில் படுத்தால்தான் உதவும், வெளிநோயாளி ஆலோசனைக்கு உதவாது. தங்குவிடுதியில் இருக்கிறவர்களுக்கு 2022 ஏப்ரல் முதல் அடிப்படை மருத்துவத் திட்டம் உண்டு. ஒரு தடவை டாக்டரைப் பார்க்க நீங்கள் கொடுப்பது 5 வெள்ளிதான். முதல் கதவு அதுவே. முதலாளிக்குத் தெரிந்தால் டிக்கெட் போட்டு ஏற்றிவிடுவார் என்ற பயம் பொய்யில்லை, பர்மிட்டை ரத்து செய்யும் அதிகாரம் அவர் கையில்தான் இருக்கிறது. அதனால் கம்பெனிக்குச் சொல்வதற்கு முன் பேச ஆள் வேண்டும் என்றால் ஹெல்த்சர்வ் அமைப்பின் 24 மணி நேர எண் 3129 5000. ராத்திரி இரண்டு மணிக்கு மாடிப்படியில் உட்கார்ந்து தப்பான எண்ணம் வந்தால் அதையோ, எஸ்ஓஎஸ் அமைப்பின் 1767-ஐயோ உடனே அழையுங்கள்.

கடைசியாக, ஊருக்கு அனுப்பிவிடுகிற வழக்கம். இங்கே செலவு தாங்காது, தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று, தமிழ்நாட்டில் ஏதோ ஒரு மறுவாழ்வு மையத்தில் ஆன்லைனில் பணம் கட்டி ஆளைச் சேர்த்துவிடுகிறார்கள். நல்ல இடங்கள் நிச்சயம் உண்டு. சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கிய டிடிகே மருத்துவமனை பெயர் பெற்றது. மறுபக்கம் ஏர்வாடியும் அதே தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கே ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேரால் ஓட முடியவில்லை. அதற்குப் பிறகு விதிகள் கடுமையாயின; இந்தியாவின் 2017 மனநலச் சட்டம் சங்கிலி போடுவதை அடியோடு தடை செய்கிறது, மனநல மையங்கள் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது. சட்டம் இருக்கிறது என்பதால் எல்லா மையமும் அதன்படி நடக்கிறது என்று அர்த்தமில்லை. அனுப்பியே ஆக வேண்டும் என்றால் போனிலேயே கேளுங்கள்: மாநில மனநல ஆணையத்தின் பதிவு எண் என்ன, மனநல மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் நேரில் வருகிறார், குடி நிறுத்தும்போது வலிப்பு வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவீர்கள், முதல் வாரத்திலேயே குடும்பத்தார் வீடியோவில் பார்த்துப் பேச விடுவீர்களா? இந்த நாலுக்கும் நேரான பதில் வராவிட்டால் முன்பணம் அனுப்பாதீர்கள்.