15 வோல்ட் எங்கே போனது?

வேலைமேசை – தொடர் 9

மல்ரிமீற்றரைக் கையாளும் முறையைச் சென்ற வாரம் பார்த்தோம். மற்றக் கருவிகளின் நோயைக் காட்டும் ஒசிலஸ்கோப்பே படுத்துவிட்டால் என்ன செய்வது?

ரொறன்ரோவின் டொன் மில்ஸ் வீதியில் ஐபிஎம் நடத்திவந்த உற்பத்திப் பிரிவு 1994இல் செலஸ்ரிக்கா என்று பெயர் பெற்றது. பிற கொம்பனிகளுக்குச் சேர்கிட் போர்டுகள் செய்து கொடுப்பது அதன் தொழில். இப்படியான அசெம்பிளி வரிசைகளில் நின்ற நம்மவர்களுக்கு, போர்டை மாற்றுவது ஒரு வேலை, போர்டுக்குள் பழுதைப் பிடிப்பது வேறு வேலை என்பது தெரியும். பழைய கருவி என்றால் இரண்டாவதுதான் வழி. புதுப் போர்டுக்கு எங்கே போவது?

ரெக்ரோனிக்ஸ் 465ஐ எடுத்துக்கொள்வோம். 1972இல் வந்த 100 மெகாஹேர்ட்ஸ் ஒசிலஸ்கோப். ஊரிலிருந்து கொண்டுவந்ததென்றால், கனடாவின் 120 வோல்ட்டுக்கு ஏற்ப மின்னழுத்தத் தெரிவை மாற்றியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். அது சரியாக இருந்தும் திரையில் கோடு வரவில்லை. புதியவருக்கு உடனே படக்குழாயில் சந்தேகம் வரும். அனுபவசாலி மின்வழங்கலை அளப்பார். இதில் 55 வோல்ட் வழங்கலே மற்றவற்றுக்கு ஆதாரம் என்பதால் அதிலிருந்து தொடங்க வேண்டும். அது சரி, 15 வோல்ட் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

இப்போது இரண்டு சாத்தியங்கள். ஒன்று, ரெகுலேற்றர் செத்திருக்கலாம். இல்லையேல், சுமைப் பக்கத்தில் எங்கோ ஷோர்ட். ரெகுலேற்றர் தன்னைக் காத்துக்கொள்ள வெளியீட்டைக் குறைத்திருக்கும். மின்சாரத்தை நிறுத்தி, பெரிய கப்பாசிற்றர்கள் வடிந்தபின் அந்த வழங்கலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஓம் அளந்தால் விடை வந்துவிடும். ஓரிரு ஓம் மட்டுமே காட்டினால் குற்றவாளி சுமைப் பக்கத்தில்.

இந்தக் கால ஸ்கோப்புகளில் முதற்சந்தேகம் ரான்ரலம் கப்பாசிற்றர்மீது. ரான்ரலம் தூளை இறுக்கிச் சுட்ட கட்டி, அதன்மேல் மிக மெல்லிய ஒக்சைட் படலம். படலம் உடைந்தால் பெரும்பாலும் அது ஷோர்ட்டாகவே போகும். ஆனால் ஒரே வழங்கலில் இவை பல இருக்கும். ஒவ்வொன்றாகக் கழற்றினால் பழைய போர்டின் செப்புத் தடம் உரிந்துவிடும்.

அதற்குப் பதில், கருவியை அணைத்தபடியே வெளி மின்வழங்கி ஒன்றிலிருந்து ஒரு வோல்ட்டுக்குள், கட்டுப்படுத்திய மின்னோட்டத்தை அந்தத் தடத்தில் செலுத்துங்கள். செப்புத் தடத்துக்கும் சிறு தடை உண்டு. ஆகவே ஷோர்ட்டை நெருங்க நெருங்க மில்லிவோல்ட் குறையும். அதைத் தாண்டி மின்னோட்டம் போகாத கிளைகளில் அளவு மாறாது. இறங்குவது நிற்கும் இடத்தில்தான் கெட்ட கப்பாசிற்றர். ஆற்றோட்டத்தைக் கவனித்து மடையின் உடைப்பைக் கண்டுபிடிப்பதைப் போன்ற வேலை. ஒரேயொரு பாகத்தைக் கழற்றினால் போதும். புதியதை இரு மடங்கு வோல்ட் தாங்கக்கூடியதாகப் போடுங்கள். முனை மாறிவிடக் கூடாது.

ரொறன்ரோ மாரியில் இன்னோர் எதிரியும் உண்டு. வெளியே பனி, உள்ளே ஹீற்றர்; காற்று வறண்டு கம்பளத்தில் நடந்தாலே உடலில் நிலைமின் சேரும். விரலில் சுளீர் என்று உணர ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். சில குறைகடத்திகளைக் கெடுக்க நூறு வோல்ட்டே போதும். நீங்கள் உணராமலே ஸ்கோப்பின் உள்ளீட்டு எஃப்இரி போய்விடும். மணிக்கட்டுப் பட்டியின் 10 இலட்சம் ஓம் தடை அந்த மின்னை மெல்ல வடியவிடும். ஆனால் மின்சாரம் ஓடும் கருவியைத் திறந்து அளக்கும்போது பட்டியைக் கழற்றிவிடுங்கள். படக்குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் நிற்கிறது.

கடைசியாக ஒன்று. கோடு வரவில்லை என்று உள்ளே இருக்கும் சரிசெய் திருகுகளை யாரும் திருப்ப வேண்டாம். அவை தாமாக நகர்வதில்லை. வழங்கல் விழுந்த நிலையில் அவற்றைத் திருப்பினால், ஒரு பழுதோடு வந்த கருவிக்கு இருபது பழுதுகள் சேரும். வழங்கல்கள் எல்லாம் சரியான அளவில், அலைவின்றி நிற்கின்றன என்று உறுதியானபின்தான் அந்தத் திருகுகளுக்கு வேலை. அந்த அளவுத்திருத்தத்தை எந்த வரிசையில் செய்வது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)