பூட்டுத் தொழிலாளியின் மகன் பெயர்

"ஓம்" என்றதும் மந்திரமோ என மிரளாதீர், தோழர்களே! நாம் சொல்லும் ஓம், ஜெர்மனியிலே பூட்டுத் தொழிலாளிக்கு மகனாய்ப் பிறந்த ஜார்ஜ் ஓம். 1827-இல் அவர் வெளியிட்ட விதி இது: மின்னழுத்தம் தள்ளும், மின்தடை தடுக்கும், அழுத்தத்தைத் தடையால் வகுத்தால் வருவது மின்னோட்டம். வோல்ட், ஓம், ஆம்பியர் என்று அளவுகள்.

ஏட்டுச் சுரைக்காயா இது? வீட்டுக்கு வரும் அழுத்தம் 230 வோல்ட். உலர்ந்த கையிலே தடை அதிகம். பாடுபட்டு வியர்த்த கையிலோ தடை சரியும், ஓட்டம் பாயும்! ஆம்பியரில் பத்திலொரு பங்கே இதயத்தைக் குலைக்கப் போதும்.

பியூஸ் இருக்கிறதே என்பீர். அந்த ஓட்டத்துக்கு ஐம்பது மடங்கையும் அமைதியாய்த் தாங்குவது 5 ஆம்பியர் பியூஸ். அது காப்பது கம்பியை, கையை அல்ல.