காலையில் பேடல், மதியம் ஒயின் தோட்டம்: நந்தி மலைப் பக்கம் ஒரு வீக்எண்ட்... எப்படித் திட்டமிடுவது?

‘இந்த வாரமாவது எங்கேயாவது போலாமாடா?’ என்று நண்பர்கள் குரூப்பில் ஒரு மெசேஜ் விழுந்தால் போதும். ஏற்காடு, பாண்டிச்சேரி, கூர்க் என்று பழைய லிஸ்ட்டே மறுபடி ஓடும். கடைசியில் யாரும் எங்கேயும் போகமாட்டார்கள் என்பது வேறு கதை.

அந்த லிஸ்ட்டில் சேர்க்கத் தகுந்த ஒரு ரூட் பெங்களூருக்கு வடக்கே இருக்கிறது. நந்தி மலையைச் சுற்றியுள்ள தொட்டபள்ளாபூர், தேவனஹள்ளி, சிக்கபள்ளாபூர் பகுதி முழுக்கத் திராட்சைத் தோட்டங்கள். பெங்களூரு நகரத்திலோ பேடல் கோர்ட்கள் முளைத்துக்கொண்டிருக்கின்றன. இரண்டையும் இரண்டே நாளில் முடித்துவிட்டுத் திங்கள் காலை ஆபீஸில் லாக்-இன் பண்ணிவிடலாம். ஆனால், எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதில் கோட்டைவிட்டால் கணுக்காலும் போகும், டிரைவிங் லைசென்ஸும் போகும்.

பேடல்னா என்ன? பிக்கிள்பால் இல்லையா?

இல்லை. பிக்கிள்பாலில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து, சுவர் கிடையாது. பேடலில் டென்னிஸ் பந்து மாதிரியே இருக்கும், காற்றழுத்தம் மட்டும் கொஞ்சம் குறைவான பந்து. 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் கொண்ட கோர்ட். பின்பக்கம் கண்ணாடிச் சுவர், பக்கவாட்டில் கண்ணாடியும் கம்பி வலையும். மட்டையில் நரம்பு இருக்காது. உள்ளே ஃபோம், மேலே ஃபைபர், நடுவில் துளைகள்.

1969-ல் மெக்சிகோவின் அகாபுல்கோவில் என்ரிகே கோர்குவேரா என்பவர் தன் வீட்டில் கோர்ட் அமைத்தபோது உருவான ஆட்டம் இது. பந்து வெளியே போகாமல் தடுக்கச் சுவர் இருந்தது. அந்தச் சுவரையே ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார். அங்கே விளையாடிப் பார்த்த நண்பர் அல்போன்சோ டி ஹோகன்லோகே 1974-ல் ஸ்பெயினின் மார்பெல்லாவுக்கு அதைக் கொண்டுபோனார். பிறகு அர்ஜென்டினா. இன்றும் இந்த ஆட்டத்தின் இரண்டு பெரிய வீடுகள் ஸ்பெயினும் அர்ஜென்டினாவும்தான். இரண்டுமே ஒயின் நாடுகள் என்பது ஒரு இனிமையான பொருத்தம்.

விதிகள் நம்ம ஊர் ஆட்களுக்குச் சீக்கிரம் பிடிபடும். மொட்டை மாடி கிரிக்கெட்டில் ‘சுவர்ல பட்டு ஒன் பிட்ச்ல பிடிச்சா அவுட்’ என்று ஆடியவர்களுக்கு இதன் மூளை தெரியும். எதிரணி அடித்த பந்து நம் பக்கம் தரையில் ஒருமுறை குத்த வேண்டும். அதன் பிறகு பின்சுவரில் பட்டுத் திரும்பினாலும் பரவாயில்லை, இரண்டாவது முறை குத்துவதற்குள் அடித்துவிடலாம். தரையில் குத்தாமல் நேராக எதிரணியின் கண்ணாடியில் அடித்தால் பாயின்ட் போச்சு. சர்வீஸ், பந்தை ஒருமுறை தரையில் குத்தவிட்டு இடுப்புக்குக் கீழிருந்துதான். ஸ்கோர் டென்னிஸ் போலவே 15, 30, 40.

எப்போதும் இரண்டு பேர், இரண்டு பேராக ஆடுவதுதான் வழக்கம். அதனால் குரூப்பில் நான்கு பேர் இருந்தால் கச்சிதம். ஐந்து பேர் என்றால் ஒருவர் வெளியே நின்று ரீல்ஸ் எடுக்கலாம். டென்னிஸில் முதல் நாள் பாதி நேரம் பந்து பொறுக்குவதிலேயே போய்விடும். இங்கே சுவர் இருப்பதால் புதியவர்களும் அரை மணி நேரத்தில் ராலி ஆட ஆரம்பித்துவிடுகிறார்கள். ஒரு வீக்எண்டுக்கு இது சரிப்பட்டு வருவதற்குக் காரணமே அதுதான்.

திராட்சை சரி, ஒயின் ஏன் இங்கே?

நந்தி மலை உச்சி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,478 மீட்டர். அடிவாரத் தோட்டங்களே பீடபூமியின் உயரத்தில்தான் இருக்கின்றன. பகலில் வெயில், இரவில் குளிர். ஒயின் திராட்சைக்கு இந்த வித்தியாசம் முக்கியம். பகல் வெயிலில் சர்க்கரை ஏறும், இரவுக் குளிரில் புளிப்பு குறையாமல் நிற்கும். இரண்டும் சேர்ந்தால்தான் ஒயின், இல்லையென்றால் வெறும் இனிப்புத் தண்ணீர்.

ஐரோப்பாவில் குளிர்காலத்தில் கொடி தானாகத் தூங்கிவிடும். இங்கே அப்படித் தூங்குகிற அளவுக்குக் குளிர் இல்லை. அதனால் வருடத்துக்கு இரண்டு முறை கவாத்து செய்கிறார்கள். அறுவடை முடிந்ததும் ஒருமுறை, மழைக்காலம் முடியும்போது, அதாவது செப்டம்பர், அக்டோபர் வாக்கில், இன்னொரு முறை. இரண்டாவது கவாத்துக்குப் பிறகு வரும் காய்தான் ஒயினுக்கு. அறுவடை பெரும்பாலும் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை. கொடியில் குலை தொங்குவதைப் பார்க்க ஆசைப்பட்டால் அந்த மாதங்களில் போக வேண்டும். ஜூலையில் போனால் வெறும் இலைதான் தெரியும். போட்டோ அழகாக வரும், அவ்வளவுதான்.

நாம் சாப்பிடுகிற கம்பம் பன்னீர் திராட்சையோடு இதை ஒப்பிடக் கூடாது. ஒயின் ரகங்கள் பொடியாக, தோல் தடித்து, கொட்டையோடு இருக்கும். நிறமும் துவர்ப்பும் அந்தத் தோலிலிருந்துதான் வருகின்றன. இதே வட்டாரத்தில் விளையும், புவிசார் குறியீடு பெற்ற ‘பெங்களூரு புளூ’ திராட்சை வேறு. அது பெரும்பாலும் ஜூஸுக்கும் இனிப்பான போர்ட் வகைகளுக்கும் போகிறது.

இந்தப் பகுதியை ஒயின் வரைபடத்தில் ஏற்றியவர் கன்வல் குரோவர். 1980-களில் பிரெஞ்சுத் திராட்சை ரகங்களைக் கொண்டுவந்து, இந்த மண்ணில் எது பிழைக்கும் என்று வருடக்கணக்கில் சோதித்துப் பார்த்து, தொட்டபள்ளாபூர் பக்கம் தோட்டம் போட்டார். பிரான்ஸின் புகழ்பெற்ற ஒயின் ஆலோசகர் மிஷேல் ரோலான் 1990-களிலிருந்து அவர்களுக்கு ஆலோசனை சொன்னார். 2012-ல் நாசிக் பக்கத்து நிறுவனம் ஒன்றோடு இணைந்து அது குரோவர் ஜாம்பா ஆனது. நந்தி மலையைப் பார்த்தபடி இருக்கும் அந்தத் தோட்டத்தில் டூர் உண்டு. கொடி, நொதிக்கவைக்கும் ஸ்டீல் தொட்டிகள், ஓக் பீப்பாய் அறை என்று காட்டிவிட்டுக் கடைசியில் டேஸ்ட்டிங். முன்பதிவு இல்லாமல் போய் வாசலில் நிற்காதீர்கள்.

இப்போ முக்கியமான கணக்கு

டேஸ்ட்டிங்கில் ‘சும்மா ஒரு வாய்’தானே என்று தோன்றும். வழக்கமாக நான்கைந்து வகை ஊற்றுவார்கள். ஒவ்வொன்றும் 30 மில்லி என்று வைத்துக்கொண்டால், ஐந்துக்கு 150 மில்லி. அது ஒரு முழு கிளாஸ். 13 சதவீத ஆல்கஹால் உள்ள ஒயினில் அது சுமார் 15 கிராம் ஆல்கஹால்.

இந்தியாவில் வண்டி ஓட்டுபவருக்கான வரம்பு, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். அந்த 15 கிராம், 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணுக்குத் தோராயமாக இந்தக் கோட்டிலேயே கொண்டுபோய் நிறுத்தும். 55 கிலோ பெண்ணுக்கு 50-ஐத் தொடும். வெறும் வயிறு என்றால் இன்னும் வேகமாக ஏறும். இறங்குவதோ மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம்தான். காபி குடித்தாலும், முகம் கழுவினாலும், எலுமிச்சை சாறு விட்டாலும் கல்லீரல் அவசரப்படாது. இதெல்லாம் தோராயக் கணக்கு. ஆளுக்கு ஆள் மாறும். ‘எனக்கு ஒண்ணும் ஆகல’ என்கிற நண்பனின் வாக்குமூலத்தைவிட நம்பகமானது.

மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவின்படி முதல்முறை பிடிபட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். நந்தி மலை ரோட்டில் கொண்டை ஊசி வளைவுகள் உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; அபராதம் அங்கே சின்ன பிரச்னை.

ஆக, வண்டியை டிரைவரோடு முழு நாளுக்கு எடுங்கள். ஆப் டாக்ஸியில் போய் இறங்குவது சுலபம். ஊருக்கு வெளியே மாலையில் திரும்ப வண்டி கிடைப்பது அவ்வளவு சுலபம் இல்லை. குரூப்பிலேயே குடிக்காதவர் ஒருவர் இருந்தால் அவரிடம் சாவியைக் கொடுப்பது பழைய பழக்கம். ஆனால், ட்ரிப் முழுக்க அவரையே டிரைவராக்குவது நியாயமில்லை. அவருக்கும் டூரில் பார்க்க நிறைய இருக்கிறது.

இன்னொன்று, ஒயின் டேஸ்ட்டிங்கில் ருசி பார்த்துவிட்டுத் துப்பலாம். அதற்கென்றே பாத்திரம் வைப்பார்கள். நமக்குப் பொது இடத்தில் துப்புவது கூச்சமாக இருக்கும்தான். ஆனால், தொழில்முறை ருசியாளர்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். கிளாஸைச் சுழற்றி, மோந்து, வாயில் வைத்துச் சுற்றினாலே பாதிக்கு மேல் தெரிந்துவிடும்.

முதலில் மட்டை, பிறகு கிளாஸ்

பேடலில் பின்னோக்கி ஓடி, திரும்பி, கண்ணாடிக்கு ஓரடி தூரத்தில் பந்தை எடுக்க வேண்டும். குடித்துவிட்டு ஆடினால் முதலில் போவது அந்தத் தூரக் கணக்குதான். ஆல்கஹால் உடம்பிலிருந்து தண்ணீரையும் வெளியேற்றும். அதனால் சனிக்கிழமை காலை ஆட்டம், மதியம் சாப்பாடு, அதன் பிறகே தோட்டம். ஒயின் குடித்த மறுநாள் காலை ஆறு மணிக்கு ஸ்லாட் போடுவது வீரம் இல்லை. தூக்கமும் சரியாக இருந்திருக்காது.

சென்னையிலிருந்து கிளம்புபவர்கள் வெள்ளி இரவு மெயிலிலோ பஸ்ஸிலோ ஏறினால் விடிகாலையில் பெங்களூரு. இரவெல்லாம் உட்கார்ந்து வந்த கால்களோடு நேராக கோர்ட்டில் இறங்க வேண்டாம். குளித்து, இட்லி சாப்பிட்டு, ஒன்பது மணிக்கு மேல் ஒரு ஸ்லாட் போதும். ஸ்லாட்டை வாரத்தின் நடுவிலேயே புக் செய்துவிடுங்கள். சனிக்கிழமை காலைக்குப் போட்டி அதிகம். பெங்களூரின் வடக்குப் பகுதியில், ஹெப்பால், எலஹங்கா பக்கம் கோர்ட் கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள். அங்கிருந்து தோட்டத்துக்குப் போகும் வழி நேர். நகரின் தெற்கே புக் செய்தால் பாதி நாள் டிராஃபிக்கில் போகும். கோர்ட் வாடகை நான்கு பேருக்கு வகுபடும். மட்டையை அங்கேயே வாடகைக்குக் கேளுங்கள், முதல் ஆட்டத்துக்காக வாங்காதீர்கள்.

ஷூ விஷயத்தில் மட்டும் சமரசம் வேண்டாம். ரன்னிங் ஷூ முன்னோக்கி ஓடத்தான். பக்கவாட்டில் சட்டென்று திரும்பும்போது கணுக்கால் மடங்கும். டென்னிஸ் ஷூ இருந்தால் நல்லது. மட்டையின் கயிற்றை மணிக்கட்டில் மாட்டுவது ஸ்டைலுக்காக இல்லை, விதியே அதுதான். கை நழுவிப் பறக்கும் மட்டை கூட ஆடுபவரின் முகத்துக்குத்தான் போகும். ஒரு மணி நேரம் ஆடினால் மறுநாள் கெண்டைக்கால் ஞாபகப்படுத்தும். முதல் நாளே இரண்டு மணி நேரம் வேண்டாம்.

இரவு தேவனஹள்ளி அல்லது நந்தி அடிவாரத்தில் தங்கிவிட்டால் ஞாயிறு லேசாகப் போகும். மலை உச்சியில் சூரிய உதயம் பார்ப்பதுதான் எல்லோருடைய திட்டமும், அதனால்தான் வார இறுதியில் அங்கே வாகன வரிசை. அதைவிட அடிவாரத்து போக நந்தீஸ்வரர் கோயில் நல்ல தேர்வு. 9-ம் நூற்றாண்டில் தொடங்கி, சோழர், ஹொய்சாளர், விஜயநகரம் என்று ஒவ்வொருவரும் சேர்த்துக் கட்டிய இடம். ஞாயிறு காலை அந்தத் தெப்பக்குளப் படியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், சனிக்கிழமை அலைச்சல் எல்லாம் சரியாகிவிடும்.

பாட்டில் வாங்கிட்டு வரலாமா?

இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி உரிய அனுமதி இல்லாமல் வெளிமாநில மதுவைக் கொண்டுவருவது குற்றம். ‘இது சரக்கு இல்ல சார், ஒயின்’ என்ற வாதம் ஓசூர் எல்லையில் எடுபடாது. பிடித்துப்போன ரகத்தின் பெயரைக் குறித்துக்கொண்டு வந்து, சென்னையில் கிடைக்கிறதா என்று பாருங்கள். பெங்களூரிலேயே இருக்கும் தமிழர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

கர்நாடகத்தில் 21 வயது நிரம்பாதவர்களுக்கு மது கிடையாது. அடையாள அட்டை கையில் இருக்கட்டும். காந்தி ஜெயந்தி, தேர்தல் நாள் போன்ற தினங்களில் டேஸ்ட்டிங் இருக்காது என்பதால், லாங் வீக்எண்ட் பார்த்து டிக்கெட் போடுபவர்கள் தேதியை ஒருமுறை சரிபார்க்க வேண்டும். எந்த அளவு மதுவும் பாதுகாப்பானது இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லியிருக்கிறது. கர்ப்பிணிகள், கல்லீரல் பிரச்னை உள்ளவர்கள், தொடர்ந்து மருந்து எடுப்பவர்கள் டூரோடு நிறுத்திக்கொள்ளலாம். பீப்பாய் அறையின் வாசனைக்கு யாரும் தடை போடவில்லை.