நம்மவரா, மாற்றாரா?

1942ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு வீசின. அடுத்த குறி சென்னைதான் என்ற பீதி எங்கும் பரவிற்று. திண்டிவனம், விழுப்புரம் மார்க்கமாகத் தெற்கே சென்ற ரயில்களில் மூட்டை முடிச்சுகளுடன் ஜனங்கள் ஏறிப் புறப்பட்டார்கள். ஆகாயத்தில் விமானச் சப்தம் கேட்டால் அந்நாளில் எழுந்த கேள்வி ஒன்றே: வருவது நம்மவரா, மாற்றாரா? 'நம்மவர்' என்று அன்று சொன்னது ஆங்கிலேயரின் விமானங்களையுந்தான் என்பது வேறு விஷயம்!

தரையில் பீரங்கியுடன் நிற்பவனுக்கும் இதே கேள்விதான். ஆங்கில விமானங்களின் வட்டச் சின்னத்தில் நடுவே ஒரு சிவப்புப் பொட்டு இருந்தது. ஜப்பானியரின் சின்னமோ முழுச் சிவப்பு வட்டம். அவசரத்தில் ஒன்று மற்றொன்றாகத் தோன்றிவிடும் அல்லவா? ஆகவே இப்பிரதேசத்தில் பறந்த விமானங்களில், நம் இந்திய விமானப் படையினுடையவை உட்பட, சிவப்பை அடியோடு நீக்கி நீல நிறங்களை மட்டும் தீட்டினார்கள்.

இந்த ஜாக்கிரதை வீண் அச்சத்தால் வந்ததன்று. 1943 ஜூலை 11ஆம் தேதி இரவு, ஸிஸிலித் தீவுக்குத் துருப்புகளை ஏற்றிச் சென்ற 144 அமெரிக்க விமானங்கள் மீது அமெரிக்கர்களின் நேசப் படைப் பீரங்கிகளே சுட்டன. 23 விமானங்கள் திரும்பவில்லை. அதனால்தான் மறு வருஷம் நார்மண்டிப் படையெடுப்பின்போது நேச நாட்டு விமானங்களுக்குக் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் தீட்டப்பட்டன.

பின்னர் விஞ்ஞானம் வளர்ந்தது. இன்று தரையிலிருந்து ரேடியோ அலை மூலம் ரகசியக் கேள்வி ஒன்று செல்கிறது. விமானத்திலுள்ள கருவி தானே பதில் கூறுகிறது. ஆனால் பதில் வராததனாலேயே வருகிறவன் பகைவன் என்று ஏற்பட்டுவிடாது.

இதை நம் நாடு பெரும் விலை கொடுத்து அறிந்தது. 2019 பிப்ரவரி 27ஆம் தேதி காஷ்மீரத்து வானில் இந்திய, பாகிஸ்தான் விமானங்கள் மோதின. தமிழரான அபிநந்தன் அன்றுதான் பாகிஸ்தானியரிடம் சிறைப்பட்டார். நாடெங்கும் அவர் பேச்சாகவே இருந்தது. அதே காலையில் ஸ்ரீநகரை அடுத்த பட்காமில் நமது 'எம்.ஐ. 17' ஹெலிகாப்டர் ஒன்று எரிந்து விழுந்தது. விமானப் படையினர் அறுவரும், கீழே இருந்த உள்ளூர்வாசி ஒருவரும் மாண்டார்கள்.

அதை வீழ்த்தியது நமது ஏவுகணையே! ஏழு மாதங்களுக்குப் பின், அக்டோபர் 4ஆம் தேதி, விமானப் படைத் தளபதி பதௌரியா அதனைப் பெரும் பிழை என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். அதிகாரிகள் இருவர் மீது நடவடிக்கை உண்டு என்றும் அறிவித்தார்.

பிழையை ஒப்புக்கொள்வதால் ஒரு சேனையின் கௌரவம் குன்றுவதில்லை. மறைத்த பிழையே மறுபடியும் நேரும். சிவப்புப் பொட்டு அழிந்ததும், பட்டைகள் தோன்றியதும், அபாயத்தை மறைக்காமல் பார்த்ததன் பலன் அல்லவா? மாண்ட எழுவருக்கும், மீண்டு வந்த வீரருக்குக் காட்டிய மரியாதையில் ஒரு பங்கையேனும் நாம் செலுத்த வேண்டும்.

திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ ஒரு தாய் தன் மகனைச் சேனைக்கு அனுப்புகிறாள். பகைவனின் குண்டுக்கு அவள் மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளலாம். நம் குண்டுக்கும் அவள் அஞ்சும்படி நாம் விடலாமா?