சிந்தாமணியில் கைவைத்த இளைஞர்

ஒரு பணிக்குரிய தகுதி முழுவதும் கைவந்த பிறகே அதில் இறங்க வேண்டும் என்னும் எண்ணம் எல்லா இடத்துக்கும் பொருந்துவதன்று என்பதற்கு, உ. வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பு சிறந்த சான்றாகும். 1880ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்த அவர், அந்தாதி, உலா, பிள்ளைத்தமிழ் முதலிய சிற்றிலக்கியங்களில் ஆழ்ந்த பயிற்சி உடையவராயினும், அவ்வூர் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார் சிந்தாமணியைப் பற்றி வினவியபோது, அதனைப் படிக்காதவராகவே இருந்தார். சமண சமயக் காப்பியமாகிய அதனைப் பாடம் சொல்லத் தொடங்கிய பின்னரே, புரியாத சமயக் கருத்துகளைக் கும்பகோணத்துச் சமணர்களிடம் கேட்டுத் தெளிந்தார். இந்த வரிசைதான் கவனிக்கத்தக்கது.

பதிப்புக்கு ஆதாரமான ஏட்டுச்சுவடிகளோ படிப்பவரைத் திணறச் செய்வன. மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவாயிருக்கும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது. ஆகவே ஒரே சொல்லைப் பலவாறு படிக்க இடமுண்டு. சுவடிக்குச் சுவடி சொற்கள் மாறிவருவதாகிய பாடபேதமும் சேர்ந்துகொள்ள, பல பிரதிகளை ஒப்பிட்டும், சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையில் வரும் மேற்கோள்களின் மூலநூல்களைத் தேடியும் (அத்தேடலே அவரைச் சங்க நூல்களிடம் கொண்டு சேர்த்தது) பதிப்புக்கலையைப் பதிப்பித்தபடியே அவர் பயின்றார். 1887இல் நூல் வெளிவந்தது. அத்துடன் பணி முற்றுப்பெற்றதாக அவர் கருதவில்லை என்பது பெரிதும் போற்றத்தக்கது. பின்னர் அறிந்தவற்றைக் கொண்டு திருத்தி, 1907இல் இரண்டாம் பதிப்பை வெளியிட்டார்.