ஊர்க் கணக்கு – 9: தங்கவயலின் நஷ்டம் யாருடையது?

சென்ற வாரம் ஜிடிபி பற்றிப் பேசினோம். ஓராண்டில் ஓரிடத்தில் உற்பத்தியானவற்றின் மதிப்பு என்று சொன்னால் யாருக்கும் புரிந்துவிடும். அந்த மதிப்பு எந்த வீட்டுக்குப் போகிறது என்பதுதான் பிடிபடாது. அதைக் கோலார் தங்கவயலில் நேராகவே பார்க்கலாம்.

1880-களில் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்கே சுரங்கத் தொழிலைக் கையிலெடுத்தது. வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள், பெரும்பாலும் தலித்துகள், பிழைப்புத் தேடி வந்து, லைன் வீடுகள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில் குடியேறினார்கள். 1902-ல் சிவனசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தது. பெங்களூரு தெருக்களில் மின்விளக்கு எரிந்ததோ 1905-ல். ஊருக்குப் பெருமைதான். ஆனால் கம்பி இழுத்தது லைன் வீட்டுக்காக அல்ல, சுரங்க இயந்திரங்களுக்காக.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அவ்வளவு ஆழத்தில் பாறை அனலாய்க் கொதிக்கும், திடீரென்று வெடித்தும் சிதறும். நூற்றாண்டுக்கு மேல் நீடித்த இந்த வேலையில் கிடைத்த தங்கம் சுமார் 800 டன். லாபப் பங்கு லண்டனுக்கும் ராயல்டி மைசூர் அரசுக்கும் போயின. தொழிலாளிக்குக் கூலி கிடைத்தது. பலருக்கு நுரையீரலில் பாறைத்தூளும் சேர்ந்தது.

1956-ல் சுரங்கங்கள் மைசூர் அரசின் கைக்கு வந்தன. பிறகு மத்திய அரசுக்கு. 2001 பிப்ரவரி 28-ல், சுரங்கங்களை நடத்திய மத்திய அரசு நிறுவனமான பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. சொன்ன காரணம், நஷ்டம். பொய்யில்லை. ஆழம் கூடக்கூடச் செலவு ஏறியது, ஒரு டன் பாறையில் கிடைக்கும் தங்கம் குறைந்தது. அப்போது உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் 300 டாலர்கூட இல்லை. பத்தே வருடத்தில் 1,500-ஐத் தாண்டியது. ஆக, நஷ்டம் என்பது அன்றைய விலையை வைத்துப் போட்ட கணக்கு. விலை மாறினால் கணக்கும் மாறும். மூடிய சுரங்கத்தில் நிரம்பிய தண்ணீர் அதற்காகக் காத்திருக்காது.

இன்னொன்று, அந்தக் கணக்கில் ஏறாத செலவு. தங்கம் பிரித்த பிறகு மிஞ்சிய தூள் மூன்று கோடி டன்னுக்கு மேல் ஊரைச் சுற்றிக் குன்று குன்றாய் நிற்கிறது. சயனைடு மேடு என்பார்கள். காற்றடித்தால் அந்தத் தூசு லைன் வீடுகளின் சோற்றுப் பானை வரை வரும். இதற்கு நிறுவனத்தின் வரவு செலவுப் புத்தகத்தில் பத்தி இல்லை.

சுரங்கம் போனபின், தங்கவயலின் மாரிக்குப்பம் நிலையத்திலிருந்து விடியுமுன் பெங்களூருவுக்குக் கிளம்பும் ரயில்தான் பலருக்குப் பிழைப்பு. பெங்களூருவில் அவர்கள் உழைப்பதெல்லாம் பெங்களூருவின் உற்பத்தியாகவே பதிவாகும். கெட்ட தூக்கம் மட்டும் தங்கவயலுடையது. அது எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது.

2024 ஜூனில் இந்தச் சயனைடு மேடுகளில் 13 குவியல்களிலிருந்து மறுபடியும் தங்கம் எடுக்கக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பரப்பு சுமார் 1,000 ஏக்கர். எத்தனை டன் தங்கம் கிடைக்கும் என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். எத்தனை உள்ளூர்க்காரருக்கு வேலை, தண்ணீர் எங்கிருந்து, கிளறும்போது பறக்கும் தூசை அடக்கும் செலவு யாருடையது என்பதையும் அதே தாளில் எழுதித் தரும்படி ஊர் கேட்க வேண்டும், டெண்டர் முடிவதற்கு முன்பே.

(தொடரும்)