மோதாமலே விரிந்த காற்றுப் பை

சென்னையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில், திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடையே இருக்கிறது கூட்டேரிப்பட்டு. மயிலம் செல்லும் சாலை பிரியும் அந்தச் சந்திப்பில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். எத்தனை கார்கள் விரைகின்றன! மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரே விநாடியில் சுமார் 22 மீட்டர் கடந்துவிடும். அந்த வேகத்தில், எதன்மீதும் மோதாமலே, ஓட்டுநரின் முகத்துக்கு நேராக ஒரு பை 'டமார்' என்று விரிந்தால் என்ன ஆகும்? இது கற்பனை அன்று. அமெரிக்காவில் பல கார்களில் நடந்தது. அதன் காரணத்தைத் துப்பறிந்த வரலாறு சுவையானது.

பை விரிவது எப்படி?

காரினுள் ஒரு சிறிய மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கிறது. கார் எவ்வளவு விரைவாக வேகம் இழக்கிறது என்பதை உணர்கருவிகள் அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். பிரேக் போட்டால் வேகம் படிப்படியாகக் குறையும். சுவரில் மோதினாலோ நொடிப்பொழுதில் குறைந்துவிடும். இந்த வேறுபாட்டை வைத்துத்தான் பெட்டி முடிவு செய்கிறது.

மோதல்தான் என்று தெரிந்ததும் பெட்டி ஒரு மின்னோட்டத்தை அனுப்புகிறது. ஸ்டியரிங் சக்கரத்தின் நடுவில் உள்ள வேதிப்பொருள் பற்றி எரிந்து வாயுவை வெளியிடுகிறது. தொடக்க காலத்தில் இதற்குச் சோடியம் அசைடு பயன்பட்டது. அதிலிருந்து கிடைப்பது நைட்ரஜன் வாயு. சுமார் 30 மில்லி விநாடியில் பை உப்பிவிடுகிறது. நீங்கள் கண் இமைப்பதற்குக்கூட இதைவிட அதிக நேரம் ஆகும்! பிறகு பையின் துளைகள் வழியே வாயு வெளியேற, அது மெத்தைபோல் தளர்ந்து தலையைத் தாங்குகிறது.

இவ்வளவும் அந்தச் சிறிய பெட்டியை நம்பியே நடக்கிறது. பெட்டியே ஏமாந்துவிட்டால்?

புகார்கள் காட்டிய வழி

அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 1970-இல் தோன்றிய அரசு அமைப்பு. கார் உரிமையாளர்கள் அனுப்பும் புகார்களை இது தொகுத்துப் பார்க்கிறது. ஒருவர் சொன்னால் தற்செயலாக இருக்கலாம். ஒரே வகைக் காரைப் பற்றிப் பலர் ஒரே குறையைச் சொன்னால்? அங்கேதான் ஆய்வு தொடங்குகிறது.

ஜீப் வண்டிகள் சிலவற்றில் மோதல் எதுவும் இல்லாமலே பை விரிந்ததாகப் புகார்கள் சேர்ந்தன. ஆராய்ந்தபோது, குற்றவாளி 'மின் இரைச்சல்' என்று தெரிந்தது. காரில் பல மின் சாதனங்கள் இயங்குகின்றன. அப்போது கம்பிகளில் திடீர் மின்னழுத்த ஏற்றங்கள் தோன்றலாம். அவை கட்டுப்பாட்டுப் பெட்டியின் நுண்சில்லைத் தாக்கிப் பழுதாக்கின. பழுதான சில்லு, நடக்காத மோதலுக்குப் பையை விரித்தது.

2012-இல் கிரைஸ்லர் நிறுவனம் சுமார் 7,45,000 ஜீப்புகளைத் திரும்ப அழைத்து, மின் இரைச்சலை வடிகட்டும் இணைப்பைப் பொருத்த முன்வந்தது. சிக்கல் அதோடு தீரவில்லை. பழுது நீக்கிய வண்டிகளிலும் 39-இல் பை தானே விரிந்தது! எனவே 2015 ஜனவரியில், டி.ஆர்.டபிள்யூ. நிறுவனம் செய்த பெட்டிகள் கொண்ட கிரைஸ்லர், ஹோண்டா, டொயோட்டா வண்டிகள் 21 லட்சத்துக்கும் மேல் மறுபடியும் திரும்ப அழைக்கப்பட்டன. ஒரு திருத்தம் செய்தால் போதாது. அது உண்மையில் பலன் தருகிறதா என்றும் சோதிக்க வேண்டும். இதுதான் விஞ்ஞான முறை.

2019-இல் இதற்கு நேர்மாறான குறையை அந்த அமைப்பு விரிவாக ஆராயத் தொடங்கியது. மின் தாக்குதலால் பெட்டி செயலிழந்து, மோதும்போது பை விரியாமல் போகலாம் என்ற ஐயம் அது. அந்த ஆய்வில் அடங்கிய வண்டிகள் ஒரு கோடியே 23 லட்சம்!

நம் நாட்டில்

இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களில் ஓட்டுநருக்குக் காற்றுப் பை கட்டாயம். குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறும்படி உற்பத்தியாளருக்கு ஆணையிட, 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் மத்திய அரசுக்கு அதிகாரம் தந்தது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்தன. உரிமையாளர்களின் புகார்களும் இதற்கு அடிப்படை ஆகலாம். 2023 ஜனவரியில், காற்றுப் பைக் கட்டுப்பாட்டுப் பெட்டியைச் சோதிப்பதற்காக மாருதி சுசுகி தானே 17,362 கார்களைத் திரும்ப அழைத்தது.

உங்கள் வீட்டில் கார் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். சாவியைத் திருப்பியதும் முன்பலகையில் காற்றுப் பை விளக்கு சில விநாடிகள் எரிந்து அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் பழுது இருக்கிறது என்று பொருள். உடனே பணிமனையில் காட்டச் சொல்லுங்கள். தயாரிப்பாளரிடமிருந்து அழைப்புக் கடிதம் வந்தால் அதை ஒதுக்கிவைக்க விடாதீர்கள்.

இன்னொன்று. பை விரியும் வேகம் சிறு குழந்தைகளின் உயிருக்கே ஆபத்தாகலாம். தம்பி, தங்கைகளை முன்னிருக்கையில் மடியில் வைத்துக்கொள்ளக் கூடாது. அவர்களுக்குரிய இடம் பின்னிருக்கை. எல்லோரும் சீட் பெல்ட் அணிய வேண்டும். காற்றுப் பை அதற்குத் துணைதான், மாற்று அன்று.